கணித, அறிவியல் ஆசிரியராகப் படிக்க உதவித்தொகை: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒவ்வொரு ஜனவரியிலும் மெட்ரிக் என்ற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வந்த வாரத்தில் என் வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் பெற்றோர்கள் விடுவதில்லை. "டீச்சர், மகள் ஆசிரியராக வேண்டும் என்கிறாள். நான்கு வருடம் படிக்க வைக்க எங்களிடம் பணம் இல்லை. பர்சரி ஏதாவது கிடைக்குமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பத்தாம் வகுப்பில் எந்தக் கணக்கை எடுத்தாள்?"

மறுமுனையில் சில நொடிகள் பேச்சே இருக்காது. அதிலேயே பாதிப் பதில் தெரிந்துவிடும். உதவித்தொகைக்கான விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போதே தொடங்கிவிடுகிறது.

முதல் படி: பத்தாம் வகுப்பில் பாடத் தேர்வு

பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் கணிதம், அன்றாடக் கணக்குகளை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி என்ற இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். தொழில்நுட்பப் பள்ளிகளில் டெக்னிக்கல் கணிதமும் உண்டு. மேத்ஸ் லிட்டரசியில் எண்பது மதிப்பெண் வாங்குவது கணிதத்தில் ஐம்பது வாங்குவதைவிட எளிது என்பதால் சில பள்ளிகள் பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளிவிடுகின்றன. பள்ளியின் தேர்ச்சி விகிதம் அழகாகத் தெரியும். ஆனால் கணித ஆசிரியராகவோ இயற்பியல், வேதியியல் ஆசிரியராகவோ வர நினைக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு கையெழுத்தோடு கதவு மூடிவிடும். மேத்ஸ் லிட்டரசியில் தொண்ணூறு வாங்கினாலும் கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்க முடியாது.

ஒன்பதாம் வகுப்பு முடிவில் பள்ளியிலிருந்து பாடத் தேர்வுப் படிவம் வரும்போது, பிள்ளையோடு உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பள்ளி மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். கணக்கில் நாற்பது வாங்கும் பிள்ளையை அறுபதுக்குக் கொண்டுவர இரண்டரை ஆண்டு இருக்கிறது. அதைச் செய்து பார்த்தவள் நான்.

மெட்ரிக் கணிதத்தில் தலா 150 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். முதல் தாளில் இயற்கணிதம், சார்புகள், நுண்கணிதம், நிகழ்தகவு ஆகியவை வரும். இரண்டாவதில் முக்கோணவியல், பகுமுறை வடிவியல், புள்ளியியல், யூக்ளிட் வடிவியல். பிள்ளைகள் சரிவது பெரும்பாலும் இரண்டாம் தாளில்தான், அதிலும் யூக்ளிட் வடிவியலில். வட்டத்துக்குள் வரைந்த நாற்கரத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். தனிப்பயிற்சிக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் அங்கே செலவழியுங்கள்.

அறிவியலிலும் வேறுபாடு உண்டு. இங்கே பிசிக்கல் சயின்சஸ் என்பது இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பாடம். லைஃப் சயின்சஸ் என்பது உயிரியல். இரண்டும் கணிதமும் சேர்ந்திருந்தால் எந்தப் பல்கலைக்கழகப் படிவத்திலும் தயங்காமல் எழுதலாம்.

மெட்ரிக்கில் மதிப்பெண்கள் ஏழு நிலைகளாக வரும். 80 முதல் 100 வரை ஏழாம் நிலை, 70 முதல் 79 வரை ஆறாம் நிலை, 60 முதல் 69 வரை ஐந்தாம் நிலை, 50 முதல் 59 வரை நான்காம் நிலை. பட்டப்படிப்புக்குச் செல்ல நான்கு பாடங்களில் நான்காம் நிலை வேண்டும். சிறப்புப் பாடத்திலும் 50 என்பது வாசற்படிதான். உதவித்தொகைக்கு உங்கள் பிள்ளையோடு வரிசையில் நிற்பவர்களில் 70 வாங்கியவர்களும் இருப்பார்கள்.

இரண்டாவது படி: எந்தப் பணம் யாருக்கு

நம் குடும்பங்களில் நான் அடிக்கடி கேட்கும் தவறான பேச்சு ஒன்று உண்டு: "எங்கள் இருவருக்கும் சம்பளம் வருகிறது, அதனால் பர்சரி எங்களுக்குக் கிடையாது." இதை நம்பி விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் ஏராளம்.

இந்த எண்ணம் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற தேசிய மாணவர் நிதியுதவித் திட்டத்தின் விதியிலிருந்து வந்தது. எல்லாரும் என்ஸ்ஃபாஸ் என்று சொல்வது அதைத்தான். அது குடும்ப வருமானத்தைப் பார்க்கும். ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 6,00,000 ரேண்டு வரை. ஒரு தாதியும் ஒரு கடை மேலாளரும் சேர்ந்து சம்பாதித்தால் முதல் வரம்பைத் தாண்டிவிடுவார்கள். கையில் மிச்சம் எதுவும் இருக்காது, ஆனாலும் ஏழை என்ற கணக்கில் வர மாட்டார்கள். ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் பாதித் தெரு இப்படித்தான் இருக்கிறது.

ஆசிரியராகப் படிப்பவர்களுக்கான ஃபுன்சா லுஷாகா பர்சரி அப்படிப்பட்டதல்ல. அடிப்படைக் கல்வித் துறை 2007இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பெயர் வெண்டா மொழியில் 'தேசத்துக்குக் கற்பி' என்று பொருள்படும். அது பார்ப்பது மதிப்பெண்ணையும், படிக்கப்போகும் சிறப்புப் பாடத்தையும், ஆசிரியராக வேண்டும் என்ற உறுதியையும். பெற்றோரின் சம்பளச் சீட்டு அங்கே தடையாக நிற்காது. கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது பணம் தருகிறது. எந்தெந்தப் பாடங்களுக்கு முன்னுரிமை என்ற பட்டியலைத் துறை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. கணிதமும் பிசிக்கல் சயின்சஸும் அந்தப் பட்டியலின் முதுகெலும்பு. பணத்தை மாணவருக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை என்ஸ்ஃபாஸ் செய்வதால் இரண்டும் ஒன்றே என்று குழம்பிவிடாதீர்கள்.

ஃபுன்சா லுஷாகாவுக்குத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை கட்டாயம். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பிற்காலத்தில் வந்து, நிரந்தர வதிவுரிமை மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் இதை முதலிலேயே கவனிக்க வேண்டும். பிள்ளைக்குக் குடியுரிமை பெறத் தகுதி இருந்தால் அந்த வேலையைப் பதினோராம் வகுப்பிலேயே தொடங்குங்கள். உள்துறை அலுவலகத்தில் எதுவும் விரைவாக நடப்பதில்லை.

இந்த இரண்டையும் தவிர, மாகாணக் கல்வித் துறைகள் தங்களுக்குத் தேவையான பாடங்களுக்குப் பர்சரி தருவதுண்டு. கல்வித் துறைக்கான பயிற்சி ஆணையமான ஈ.டி.டி.பி. செட்டாவும் தருகிறது. சில தனியார் பள்ளிகள், யூனிசா என்ற பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியாகப் பி.எட். படிக்கும் இளைஞர்களைப் பயிற்சி ஆசிரியர்களாக எடுத்து, ஊதியமும் கட்டணமும் தருகின்றன. காலையில் வகுப்பறை, மாலையில் யூனிசா பாடம். கடினமான வழிதான், ஆனால் நான்கு ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் வகுப்பறைப் பழக்கம் வேறு யாருக்கும் வராது.

மூன்றாவது படி: எந்தப் பட்டம்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நான்கு ஆண்டு பி.எட். மற்றொன்று மூன்று ஆண்டு பி.எஸ்.சி. முடித்து, ஓர் ஆண்டு பி.ஜி.சி.ஈ. என்ற ஆசிரியர் பயிற்சியைப் படிப்பது. ஆசிரியராகத்தான் போவேன் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு முதல் வழி. கணிதத்தையோ இயற்பியலையோ ஆழமாகப் படிக்க ஆசை, ஆசிரியப்பணி பற்றிப் பிறகு முடிவெடுக்கலாம் என்பவருக்கு இரண்டாவது. பி.ஜி.சி.ஈ. ஆண்டுக்கும் ஃபுன்சா லுஷாகாவில் விண்ணப்பிக்கலாம். பி.எஸ்.சி. முடித்துவிட்டு வேலை தேடிக் கொண்டிருக்கும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு இது நல்ல வழி. வயதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; 30ஐத் தாண்டாதவர்களுக்கான திட்டம் இது.

டர்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் எட்ஜ்வுட் வளாகம் பைன்டவுனில் இருக்கிறது, கல்வியியல் அங்கேதான். வீட்டிலிருந்து மினிபஸ் டாக்ஸியில் போய்வரலாம். அந்தப் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு இசிசூலு பாடத்தைக் கட்டாயமாக்கியது. சில பெற்றோர் அதைச் சுமையாகப் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த மாகாணத்தில் கணக்கு ஆசிரியர் இல்லாமல் தவிக்கும் பள்ளிகளில் பெரும்பாலானவை இசிசூலு பேசும் பிள்ளைகளின் பள்ளிகள். பின்னத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியாதபோது அவர்கள் மொழியில் இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்த ஆசிரியர் அங்கே எவ்வளவு பெரிய உதவி என்பது போய் நின்றால் தெரியும்.

நான்காவது படி: காலண்டர்

குவாசூலு-நட்டாலில் பல்கலைக்கழக இடத்துக்கான விண்ணப்பம் மத்திய விண்ணப்ப அலுவலகமான சி.ஏ.ஓ. வழியாகப் போகிறது. மெட்ரிக் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அதை முடித்துவிடுங்கள். செப்டம்பர் இறுதி வரை தள்ளிப்போட்டால் தேர்வுப் படிப்பும் விண்ணப்பமும் ஒன்றாக வந்து கழுத்தை நெரிக்கும். பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே முதல் முடிவெடுக்கிறார்கள் என்பதால், "மெட்ரிக்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

ஃபுன்சா லுஷாகாவின் இணைய விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் திறந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மூடும். பல்கலைக்கழகத்தில் இடம் கேட்பது ஒன்று, பர்சரி கேட்பது வேறொன்று. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடாது. இடம் கிடைத்தும் பர்சரிக்கு எழுதாமல் விட்ட பிள்ளையையும், பர்சரிக்கு எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்காத பிள்ளையையும் நான் பார்த்திருக்கிறேன். என்ஸ்ஃபாஸ் வரம்புக்குள் வருபவர்கள் அதற்கும் தனியாக எழுத வேண்டும். இரண்டும் கிடைத்தால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஃபுன்சா லுஷாகாவுக்கோ என்ஸ்ஃபாஸுக்கோ விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "இருநூறு ரேண்டு கொடுங்கள், இடம் வாங்கித் தருகிறேன்" என்று வாட்ஸாப்பில் யார் வந்தாலும் அது ஏமாற்று வேலை.

ஐந்தாவது படி: காகிதங்கள்

சென்ற ஆண்டு எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நல்ல மதிப்பெண். எல்லாச் சான்றிதழும் இருந்தன. ஆனால் அடையாள அட்டை நகலில் போலீஸ் நிலைய முத்திரை முந்தைய ஆண்டு மார்ச் மாதத்தது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையை ஏற்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு அவளும் அவள் அம்மாவும் போலீஸ் நிலையத்தில் காலை ஆறரைக்கு வரிசையில் நின்றார்கள். முத்திரை மையில் தேதி அரைகுறையாகப் பதிந்திருந்தது. அதிகாரி பேனாவால் எழுதித் திருத்தினார். திருத்திய தேதி செல்லாது என்று அவள் அம்மா பிடிவாதமாக இரண்டாம் முறை முத்திரை வைக்கச் சொன்னார். அந்தத் தாயின் பிடிவாதம்தான் அன்று காப்பாற்றியது.

ஆகவே ஒரு கோப்பு வாங்குங்கள். மாணவரின் அடையாள அட்டை (இரண்டு பக்கமும்), பெற்றோரின் அடையாள அட்டைகள், பதினோராம் வகுப்பு மதிப்பெண் அறிக்கை, மெட்ரிக் முடிவு, முகவரிச் சான்று, என்ஸ்ஃபாஸுக்காகச் சம்பளச் சீட்டுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். பிரிந்திருந்தால் உறுதிமொழிப் பத்திரம். போலீஸ் நிலையத்தில் நகலுக்குச் சான்றளிப்பது இலவசம். ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுத்துவைத்து, முத்திரையை விண்ணப்பிக்கும் மாதத்திலேயே வாங்குங்கள். நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் பெயர் எழுத்துக்கூட்டல். கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்திறங்கியபோது எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், தந்தை அட்டையில் ஒரு விதமாகவும் பிள்ளை அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். அதை இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

ஆறாவது படி: "ஏன் ஆசிரியர்?"

படிவத்திலோ நேர்காணலிலோ இந்தக் கேள்வி வந்தே தீரும். "எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும்", "ஆசிரியப்பணி புனிதமானது" என்று எழுதாதீர்கள். படிப்பவர் அன்று காலையிலேயே அதை நாற்பது முறை படித்திருப்பார்.

என்னிடம் வந்த ஒரு பையனும் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தான். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னான். அவனுடைய சித்தி மகன், நாலு இரண்டைவிடப் பெரியது என்பதால் கால் அரையைவிடப் பெரியது என்று சாதித்தானாம். எத்தனை முறை படம் வரைந்து காட்டியும் ஏற்கவில்லை. ஒரு சனிக்கிழமை, ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌ வாங்கப் போனபோது, "உனக்குப் பசிக்கிறது. கால் ரொட்டி வேண்டுமா, அரை ரொட்டி வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறான். சின்னவன் யோசிக்காமல் அரை என்றான். சொல்லிவிட்டு அப்படியே நின்று, தன் விரல்களைப் பார்த்தானாம்.

அதை அப்படியே எழுதச் சொன்னேன். கூடுதலாக ஒரு வரி: பிள்ளை எங்கே தவறாக யோசிக்கிறான் என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்கு மகிழ்ச்சி. அவனுக்கு அந்த ஆண்டு பர்சரி கிடைத்தது. மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏழாவது படி: ஒப்பந்தம்

ஃபுன்சா லுஷாகா கிடைத்தால் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பணம் வாங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டு அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டும். நான்கு ஆண்டு வாங்கினால் நான்கு ஆண்டு. மாகாணக் கல்வித் துறை எந்தப் பள்ளிக்கு அனுப்பினாலும் போக வேண்டும். போகாவிட்டாலோ பாதியில் விட்டாலோ வாங்கிய பணம் கடனாகிவிடும், வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். படிப்பில் தேறினால்தான் அடுத்த ஆண்டும் தொடரும்.

இங்கேதான் பெற்றோர் பின்வாங்குகிறார்கள். "பெண் பிள்ளையை நொங்கோமாவுக்கு அனுப்புவதா? ஜோசினிக்கா?" இரண்டும் மாகாணத்தின் வடக்கே தொலைவில் உள்ள ஊர்கள். அந்தப் பயத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். தங்குமிடம், போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாம் உண்மையான கேள்விகள். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பதில் பயனில்லை. குடும்பத்தில் இதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். முடியாது என்று தோன்றினால் இந்தப் பர்சரியை எடுக்காதீர்கள், வேறு வழி தேடுங்கள்.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். 1860இல் மதராஸிலிருந்து வந்த நம் மூதாதையரின் பிள்ளைகளுக்கு அரசு பள்ளி கட்டித் தரவில்லை. கரும்புத் தோட்டத்துக் கூலியிலிருந்து காசு சேர்த்து, அரசு பாதி கொடுத்தால் நாங்கள் பாதி என்று கட்டிய பள்ளிகள்தான் நம்மைப் படிக்க வைத்தன. டர்பனில் 1929இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரியும் நம் மக்கள் திரட்டிய பணத்தில் எழுந்தது. அதற்காக அலைந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வருவதற்கு முன் திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தவர். அந்தக் கல்லூரியிலிருந்து வெளிவந்த ஆசிரியர்கள் எங்கெங்கோ கூரைப் பள்ளிகளில் போய்க் கற்பித்தார்கள். அப்படிக் கற்பித்தவர்களில் ஒருவரிடம் என் அம்மா கணக்குப் படித்தார். அதனால் நொங்கோமா எனக்குத் தொலைவாகத் தெரிவதில்லை.

எட்டாவது படி: பணம் வரும் வரை, வேலை வரும் வரை

பர்சரி உறுதியான பிறகும் முதல் தவணை தாமதமாவது வழக்கம். பிப்ரவரி முதல் மே வரை டாக்ஸிக் கட்டணத்துக்கும் மதிய உணவுக்கும் வேண்டிய தொகையைத் தனியே எடுத்துவையுங்கள். கோவில் சங்கங்களும் உறவினர்களும் உதவ வந்தால், கட்டணத்துக்கு வேண்டாம், இந்த நான்கு மாதத்துக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

இறுதி ஆண்டில் ஆசிரியர் பேரவையான சேஸில் பதிவு செய்யும் வேலை வரும். பதிவில்லாமல் எந்தப் பள்ளியிலும் கற்பிக்க முடியாது. அதற்குப் போலீஸ் நற்சான்று வேண்டும், அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். மாகாணத் துறை தொடர்புகொள்ளும் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் படிப்பு முடியும்வரை மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அழைப்பு வந்தது தெரியாமல் போய், ஒப்பந்தத்தை மீறியவர் பட்டியலில் சேர்ந்துவிடக் கூடாது.

வேலையில் சேர்ந்த நாளில் நியமனக் கடிதத்தின் நகலை அதே கோப்பில் வையுங்கள். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் தலைமையாசிரியரிடம், இந்த ஆண்டு முழுவதும் இவர் இங்கே கற்பித்தார் என்று பள்ளி முத்திரையோடு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். நான்காவது கடிதம் கிடைத்ததும் கடமை முடிந்ததற்கான உறுதிக் கடிதத்தைத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை கோப்பை மூடாதீர்கள்.